மோலிக்கு ஊற்றிய மழைத்தண்ணீர்

டெஸ் ட்ரெனோர்டன் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாக வேண்டும். சும்மா குடித்தால் போதாது, குடித்துவிட்டு "ஆகா" என்று சொல்லவும் வேண்டும். கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் அது. எங்கள் ஆஸ்திரேலியக் கரையோர ஊரான போர்ட் ட்ரெலிஸில் எல்லார் வீட்டுப் பின்னாலும் ஒரு டாங்க் நிற்கிறது, எல்லாரும் மழைத்தண்ணீரில்தான் டீ போடுகிறோம். ஆனால் டெஸ் பேசுவதைக் கேட்டால் மேகம் அவர் வீட்டுக்கு மட்டும் தனியாக வந்து இறங்குகிறதோ என்று தோன்றும். மர்ரே ஆற்றிலிருந்து குழாயில் வருவதை அவர் தண்ணீர் என்றே சொல்ல மாட்டார், "மர்ரே ஆத்துச் சாக்கடை" என்பார். பல் தேய்க்கக்கூட அவருக்கு மழைத்தண்ணீர்தான்.

அவர் மனைவி கிளெனிஸுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பார்லி விளைச்சல், டாங்க், கிரிக்கெட் எல்லாம் அவர் பாடு. கூடத்து மூலையில் இருக்கும் மீன்தொட்டி மட்டும் அவளுடைய ராஜ்யம். அதில் ஒரு கருப்பு மோலி மீன், உருண்டையாக, பளபளவென்று. பிளம் என்று பெயர் வைத்திருந்தாள். கிளெனிஸ் தொட்டிப் பக்கம் போனாலே அது கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். டெஸ் போனால் திரும்பிக்கொள்ளும்.

அடிலெய்டில் அவள் அக்காவுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை. கூட இருந்து பார்த்துக்கொள்ள கிளெனிஸ் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பிளம்மோ நிறைமாதம், வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. பெட்டியைக் காரில் வைக்கும்போது அவள் டெஸ்ஸிடம் சொன்னாள்: "நீ ஒரு சிட்டிகை தீனி போடு, போட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காரு. தண்ணி மாத்தறதெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன். பிரசவம் ஆச்சுன்னா சலோட்டேவைக் கூப்பிடு, அவகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்."

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா?"

"இருக்கறதுதான்யா பயம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

சலோட்டே பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண், பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா தீவுக்காரி. ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை. தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் கையால்தான். நல்ல பெண்தான், டெஸ்ஸுக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் சொந்த வீட்டுத் தொட்டியை நேற்று வந்தவளை நம்பி விட்டுப் போனது அவருக்குச் சுருக்கென்று குத்தியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிளெனிஸ் போன மறுநாள் மத்தியானம், கையில் சீஸ் வைத்த ரொட்டியோடு டெஸ் தொட்டியை எட்டிப் பார்த்தால் பிளம் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறது. மோலி முட்டை போடுகிற ஜாதியில்லை, குட்டியாகவே போடும். ஊசி முனையளவு கண்ணும் வாலுமாக ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ரொட்டியைப் போட்டுவிட்டு மனிதர் சலோட்டே வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார்.

"ஓடி வா, ஓடி வா! வந்துடுச்சு, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு!"

சலோட்டே ஈரத் தலையோடு வெளியே வந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா?"

"மீனும்மா! பெத்துக்கிட்டிருக்கு!"

"அடக் கடவுளே! நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க டெஸ், பெக்கறது அதுவா, நீங்களா?"

பெற்றவளே குட்டிகளைத் தின்றுவிடும் என்று கிளெனிஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டீ வடிகட்டியால் குட்டிகளை அள்ளி, தொட்டிக்குள்ளேயே தொங்கும் வலைப்பெட்டியில் விட்டாள் சலோட்டே. விட்டுக்கொண்டே சிரித்தாள். "எங்க ஊர்ல மீனைப் பிடிப்போம், சுடுவோம், தேங்காப்பால் ஊத்தித் தின்னுவோம். பேரு வச்சுப் பிரசவம் பாக்கறது எனக்கு இதான் முதல் தடவை." டெஸ்ஸும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு இரண்டு பேரும் சிநேகமாகத்தான் இருந்தார்கள்.

குட்டிகளுக்கு வாய் சின்னது, கடைத் தீனி நுழையாது. சலோட்டே ஒரு முட்டையை வேகவைத்து, மஞ்சள் கருவில் துளி எடுத்துத் துணியில் வைத்துப் பிழிந்து விட்டாள். பிளம்முக்கும் கொஞ்சம் போனது. அது களைத்துப்போய் அடியில் கிடந்தது, ஆனாலும் வந்து ஒரு வாய் கொத்திவிட்டுப் போனது. "சாப்பிட்டுட்டா. இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் டெஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அழுக்குத் தண்ணீரில் கிடக்கலாமா? அதுவும் குழாய்த் தண்ணீர்! சும்மா சொல்லக் கூடாது, மனிதர் நல்ல மனசோடுதான் செய்தார். தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசியை ரப்பர் குழாய் வைத்து வெளியே இறைத்தார். டாங்கிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து மழைத்தண்ணீரை நிரப்பினார். தொட்டி கண்ணாடி போல ஆனது. "குடி தாயி, இதான் தண்ணி" என்று பிளம்மிடம் சொன்னார். பெருமையில் இடுப்பு வலிகூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை பிளம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடக்க, இப்படியும் அப்படியுமாக நெளிந்தது. ஒரு அங்குலம் முன்னால் போகவில்லை. குளிர் ஜுரம் வந்தவனுக்கு உடம்பு தூக்கிப் போடுமே, அந்த மாதிரி. தீனி தலைமேல் மிதந்து போனது, திரும்பியும் பார்க்கவில்லை. வலைப்பெட்டியில் நாலைந்து குட்டிகள் செத்து அடியில் கிடந்தன.

டெஸ் செத்தவற்றை டீ வடிகட்டியால் அள்ளி எடுத்தார். கிளெனிஸுக்கு என்ன பதில் சொல்வது? தன் தண்ணீரை அவர் நினைத்தும் பார்க்கவில்லை, அது அவர் புத்தியில் ஏறவே ஏறாது. வேறு என்ன நடந்தது என்று யோசித்தார். மஞ்சள் கரு. வேறென்ன? மீனுக்கு எவனாவது கோழி முட்டை போடுவானா?

சலோட்டேவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல ஒரு மாதிரி இருந்தது. அவள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, என்னடி பண்ணுது உனக்கு?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் படாமல் தொட்டிமேல் ஒரு துண்டைப் போட்டாள். தேவாலயப் பாட்டு ஏதோ ஒன்றை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி வெகுநேரம் அதன் பக்கத்தில் இருந்தாள். தினமும் வேலை முடிந்து களைப்போடு வந்து இப்படி உட்கார்ந்தாள். டெஸ் டீ போட்டுக் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், மனசுக்குள் அவளைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் இறைச்சித் தட்டுக் குலுக்கல்; சீட்டு விழுந்தவருக்கு ஒரு தட்டு இறைச்சி. ஊரே அங்கேதான் இருக்கும். பீர் கிளாஸோடு உட்கார்ந்த டெஸ்ஸைப் பார்த்து, கூடப் பள்ளியில் படித்த கெவ் கேட்டான்: "என்னடா மாப்ள, பொண்டாட்டி ஊர்ல இல்லாம மூஞ்சி தொங்கிக் கிடக்கு?"

"பொண்டாட்டி இல்லடா, மீனு. சாகப் போகுது."

"நீ கொன்னியா?"

அந்த ஒரு கேள்விதான். டெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா? பக்கத்து வீட்டுக்காரி. முட்டைய வேகவச்சு உள்ள கொட்டிட்டா. அவளுக்கு மீன்னா சட்டில போடத்தான் தெரியும், தேங்காப்பால் ஊத்தி! அவளே சொன்னா."

மேஜையே சிரித்தது. யாரோ, "எலுமிச்சம்பழமும் பிழிஞ்சாளா?" என்றான். டெஸ் இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்தார். அவள் குரலை இழுத்துப் பேசிக் காட்டினார், துணியில் பிழிந்ததைக் கையால் நடித்துக் காட்டினார். கதை அடுத்த மேஜைக்குப் போவதற்குள் துளி மஞ்சள் கரு முழு முட்டையாகி, சாகப் போகும் மீன் செத்தே போய்விட்டது. குலுக்கல் சீட்டு விற்றுக்கொண்டிருந்த ரேலீன் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டுக் கட்டைப் பிடித்தபடி நின்று, "அந்த சலோட்டேதான் எங்கம்மாவுக்கு ஊட்டறா" என்றாள். டெஸ் காதில் அது விழுந்தது. கேட்டுவிட்டு, அடுத்த பீருக்கு எழுந்து போனார்.

திங்கட்கிழமை கிளெனிஸ் போன் செய்தாள். மீன் ஆடுகிறது என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் மாறிவிட்டது.

"நின்ன இடத்துலயே ஆடுதா? துடுப்ப ஒட்டிக்கிட்டு?"

"ஆமா."

"டெஸ், நீ டாங்க் தண்ணி ஊத்தலல்ல?"

டெஸ் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"என் முதல் மோலிங்கள்ல ரெண்டு அதுலதானே ஆடி ஆடிச் செத்துச்சு? உன் மழைத்தண்ணி நமக்குச் சரி, மோலிக்கு அது வெறும் சப்பைத் தண்ணி. சுண்ணாம்பும் உப்பும் இருக்கற தண்ணிலதான் அது உயிர் வாழும். மிச்சமிருந்ததுங்களுக்கு ஒவ்வொரு செம்பாக் குழாய்த் தண்ணி கலந்துதான் நான் உயிர் மீட்டேன். ஒரேயடியா மாத்தியிருந்தா அதுங்களும் போயிருக்கும். எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு? ஊத்தலல்ல?"

"நான் எதுக்கு ஊத்தறேன்?" என்றார் டெஸ். "சலோட்டே முட்டை மஞ்சக்கரு போட்டா. அதான்."

"மஞ்சக்கருவா? அது நான்தான் அவளப் போடச் சொன்னேன். அதுல இப்படி ஆகாதே" என்று கிளெனிஸ் குழம்பினாள். பின்னால் அக்கா கூப்பிடவும் போனை வைத்துவிட்டாள்.

டெஸ் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சுட்டது. தான் வாளி வாளியாகத் தூக்கி வந்தது, "குடி தாயி" என்றது, கிளப்பில் அவள் குரலில் பேசிக் காட்டியது, எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தது. வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் அவருக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. தூ, என்ன மனுஷன் நான், என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு சமையலறைக் குழாயைத் திறந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் திறந்தார். அந்த வெட்கங்கெட்ட வேலையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கிளெனிஸ் அலமாரியில் வைத்திருந்த குளோரின் முறிக்கும் மருந்தைச் சொட்டு விட்டு, காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு என்று தொட்டியில் கலந்தார். அவர் சாக்கடை என்று சொன்ன தண்ணீர்தான். ஒவ்வொரு செம்புக்கும் பிளம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை சலோட்டே வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. தொட்டியருகே உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னை ஐவி ரூம்லேர்ந்து எடுத்துட்டாங்க டெஸ். துணி வெளுக்கற இடத்துல போட்டுட்டாங்க."

ஐவி என்பது ரேலீனின் அம்மா. தொண்ணூறு தாண்டிய கிழவி. வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாள், சலோட்டே பாட்டு முணுமுணுத்தபடி ஊட்டினால் மட்டும் சாப்பிடுவாள்.

"ஏன்?" என்றார் டெஸ். ஏன் என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

"மீனைக் கொன்னவ எங்கம்மாவுக்கு ஊட்ட வேண்டாம்னு ரேலீன் எழுதிக் கொடுத்துட்டாளாம். ஊர்ல யாரோ சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. யாருன்னு தெரியல." அவள் தொட்டியைப் பார்த்தாள். "ஆனா அவங்க சொல்றதுல என்ன தப்பு? மஞ்சக்கரு நான்தானே போட்டேன். நல்லாத்தானே இருந்தா. என்னாலதானே இப்படி ஆயிட்டா?"

இதோ, இந்த இடம். டெஸ் வாயைத் திறந்தால் போதும். இல்லம்மா, நான்தான், என்று இரண்டு வார்த்தை. ஆனால் அவள் கண்ணீரோடு நிற்கிறாள், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு தைரியம் வரவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"விடு சலோட்டே. தெரியாமத்தானே செஞ்ச. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

மன்னித்தார்! செய்தவர் இவர், மன்னித்தவரும் இவரே. சலோட்டே அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவள் போன பிறகு டெஸ் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. இவரும் போய்க் கதவைத் தட்டவில்லை. மீன் முதலில் பிழைக்கட்டும், பிழைத்த மீனைக் காட்டிச் சொன்னால் அவ்வளவு கோபம் வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிளம் பிழைத்தது. முதலில் ஆட்டம் குறைந்தது. பிறகு துடுப்பை விரித்தது. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியோரம் வந்து, அவரைப் பார்த்தே வாயைத் திறந்து மூடியது. அவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கிளப்பில், குலுக்கல் தொடங்குவதற்கு முன்னால் டெஸ் போய் மைக்கை வாங்கினார். "போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன். சலோட்டே என் மீனைக் கெடுத்துட்டான்னு. அது பொய். நான்தான் டாங்க் தண்ணிய ஊத்திக் கெடுத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. மீனும் சாகல. நான் செஞ்சதுக்கு வெக்கப்படறேன்."

அப்புறம் யாரோ, "அப்ப உன் தண்ணி விஷமாடா? நாங்கல்லாம் குடிச்சு ஆகான்னு சொன்னோமே!" என்று கத்த, கூட்டம் வெடித்துச் சிரித்தது. டெஸ் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் ரேலீனைத் தேடினார். சீட்டு விற்றுக்கொண்டிருந்தது வேறு ஒரு பெண்.

கெவ் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னான்: "ரேலீன் வரலடா. அவங்கம்மா இன்னிக்குக் காலைல போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை காலை டெஸ் சலோட்டே வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் கருப்பு உடை போட்டு, இடுப்பில் பழைய பாய் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். துக்கத்துக்கு அவர்கள் வழக்கம் அது. டெஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாங்க் தண்ணீர், கிளப், கிளெனிஸ் போன், செவ்வாய்க்கிழமை தோளைத் தட்டியது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. நேற்று மைக்கில் சொன்னதையும் சொன்னார், அதைச் சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சலோட்டே கத்துவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இடுப்புப் பாயின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"புதன்கிழமை ரேலீனே வந்தா" என்றாள் பிறகு. "துணி வெளுக்கற இடத்துக்கே. அம்மா ரெண்டு நாளா வாயத் திறக்கல, நீ வந்து ஒரு தடவ ஊட்டிப் பாக்கறியான்னு கேட்டா. தலைமை நர்ஸும் வா வான்னாங்க."

"போனியா?"

"மாட்டேன்னுட்டேன்."

"ஏம்மா?" என்றார் டெஸ்.

"ஒரு சின்ன மீனு, அதுக்கே என் கையால ஆகல, இந்தக் கிழவிக்கு ஏதாவது ஆயிட்டா என்ன செய்யறதுன்னு பயந்துட்டேன். நீங்க வேற அவ்வளவு நல்ல மனசா மன்னிச்சீங்க. மன்னிச்சதும் நிச்சயமா நான்தான்னு ஆயிடுச்சு. வியாழக்கிழமையும் ஆள் அனுப்பினாங்க. வரலன்னுட்டேன். ஐவி என்னைத்தான் கேட்டாளாம். பேர் சொல்ல வராது அவளுக்கு, 'பாட்டுக்காரி எங்க'ன்னு கேட்டாளாம்."

அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நான் போயிருக்கலாம்."